புதிய ஆசிரியர்களின் அந்த ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள்

எங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளுக்குப் பொறுப்பான கல்வி அதிகாரிகளுக்கும், தலைமையாசிரியர்களுக்கும்,

இந்தத் தவணை தொடங்கிய இரண்டாம் வாரம் பள்ளிகளுக்கு ஓர் அறிவிப்பு அனுப்பியிருந்தீர்கள். புதிய ஆசிரியருக்கும் அவருடைய வழிகாட்டி ஆசிரியருக்கும் வாரத்தில் இரண்டு பாடவேளையைப் பொதுவாக ஒதுக்கி வைக்கும் ஏற்பாடு இனிமேல் கிடையாது. ஆள் பற்றாக்குறை இருப்பதால், அந்த நேரத்தில் அவர்களை ஆசிரியர் வராத வகுப்புகளுக்கு அனுப்பிக்கொள்ளலாம். புதியவர்களுக்கு இயங்கலையில் ஒரு விளக்கக் கூட்டம் நடக்கும்; கோப்பில் வைக்க வேண்டிய பாரங்கள் பின்னால் வரும். இவ்வளவுதான் செய்தி. புலனத்தில் ஒரே பக்கமாக வந்தது. வகுப்பறையில் நிற்கும் யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை.

நான் 1990ல் வேலைக்குச் சேர்ந்தவள். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறைப் பெருநிலத்திலும் தீவிலுமாக நான்கு தமிழ்ப்பள்ளிகளில் வேலை பார்த்துவிட்டுக் கடந்த ஆண்டு ஓய்வு பெற்றேன். கடைசி ஆறு ஆண்டுகள் வழிகாட்டி ஆசிரியராக இருந்தேன். ஒன்பது புதியவர்கள் என்னிடம் வந்தார்கள். அவர்களில் இப்போதும் வாரம் தவறாமல் அழைத்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பணியில் இருக்கிறவர்கள் இதைப் பற்றிப் பொதுவில் எழுத முடியாது, அரசு ஊழியர்களுக்கு அப்படி விதி. எனக்கு இப்போது அந்தத் தடை இல்லை. அதனால்தான் அவர்கள் என்னிடம் சொன்னதையும் நான் கண்ணால் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

வாரத்துக்கு இரண்டு பாடவேளை என்றால் ஒரு மணி நேரம். கால அட்டவணையில் பார்த்தால் இரண்டு பேர் சும்மா இருக்கும் நேரம் போலத்தான் தெரியும். அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று உங்களில் யாரும் வந்து உட்கார்ந்து பார்த்ததில்லை. ஆகவே ஒரு நாளைச் சொல்கிறேன்.

இரண்டாம் ஆண்டு வகுப்பு, 31 பிள்ளைகள். ஓய்வு முடிந்து இப்போதுதான் உள்ளே வந்திருக்கிறார்கள். சட்டையெல்லாம் வியர்வை, ஒருவன் கையில் இன்னும் பாதி நாசி லெமாக் பொட்டலம். கணிதப் பாடம். ஆசிரியர் வேலைக்கு வந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. நல்ல பையன். ஐ.பி.ஜி. என்ற ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பைச் சிறந்த தேர்ச்சியோடு முடித்தவர். பீடிகைக்குக் காணொளி, வண்ண அட்டைகள், பயிற்றித்தாள் என்று எல்லாம் தயார். அதற்காக முந்தின இரவு ஒரு மணி வரை விழித்திருந்திருக்கிறார்.

நான் கடைசி வரிசையில் ஒரு சின்ன நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். வழிகாட்டப் போகிறவர் பார்க்க வேண்டியது ஆசிரியரை அல்ல, பிள்ளைகளை. இதைக் கற்றுக்கொள்ளவே எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

அவர் வெண்பலகையில் 52 கழித்தல் 27 என்று எழுதினார். "ரெண்டுலருந்து ஏழு போகாது. அப்ப பக்கத்து வீட்டுல கடன் வாங்கணும். புரிஞ்சுதா?" என்றார். "புரிஞ்சுது சார்!" என்று வகுப்பே கத்தியது. அடுத்த கணக்கு. "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது சார்!" நான் குறித்துக்கொண்டே வந்தேன். அந்தப் பாடத்தில் அவர் 17 முறை "புரிஞ்சுதா" என்று கேட்டார். 17 முறையும் ஒரே பதில்தான் வந்தது. வேறு கேள்வி கேட்டபோதெல்லாம், கேட்டு முடித்த மூச்சிலேயே பதிலையும் அவரே சொல்லிவிட்டார், இல்லையென்றால் முன்வரிசையில் கை தூக்கும் அதே நான்கு பிள்ளைகள் சொன்னார்கள்.

எனக்குப் பக்கத்தில் இருந்தவன் நோட்டில் 35 என்று எழுதியிருந்தான். அவன் கணக்கு இப்படி: ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து, ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று. மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த விதி. கவனக்குறைவால் வந்த தவறில்லை அது. அவன் யோசித்துத்தான் செய்திருக்கிறான், யோசனைதான் தவறு. "புரிஞ்சுது சார்" என்று வகுப்பிலேயே உரக்கச் சொன்னவனும் அவன்தான்.

மறுநாள் எங்களுக்கு ஒதுக்கிய நேரத்தில் நூல்நிலையத்தில் உட்கார்ந்து பேசினோம். நான் குறை எதுவும் சொல்லவில்லை. குறித்து வைத்திருந்ததை அப்படியே காட்டினேன். 17 புரிஞ்சுதா, நான்கு பிள்ளைகளின் பெயர், ஒரு 35. அவர் அந்த 35ஐயே பார்த்துக்கொண்டிருந்தார். "அவன்தான் எல்லாரையும் விட சத்தமா சொன்னான் டீச்சர்" என்றார். குரல் இறங்கிவிட்டது. பாடம் நன்றாகப் போனதென்று நினைத்துக்கொண்டுதான் அவர் அந்த அறைக்குள் வந்திருந்தார்.

அடுத்த வாரத்துக்கு இரண்டே வேலைகள் கொடுத்தேன். கேள்வி கேட்டதும் வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் மூன்று வரை எண்ண வேண்டும். அப்புறம், எல்லாப் பிள்ளைகளின் பதிலையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். முதலாவது என் கண்டுபிடிப்பில்லை. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களிலேயே இதை அளந்து எழுதியிருக்கிறார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிகூடச் சரியாகக் காத்திருப்பதில்லை. மூன்று வினாடி காத்தால் பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்குகிறார்கள், "தெரியாது" என்பது குறைகிறது. இதை இளம் ஆசிரியர்கள் பயிற்சிக் காலத்தில் படித்திருப்பார்கள். படித்தது கைக்கு வருவதற்குத்தான் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். வகுப்பின் முன் நிற்கிறவருக்கு ஒரு வினாடி மௌனமே ஒரு நிமிஷம் போல இருக்கும். மூன்று வினாடியை அவர் தனியாகத் தாங்க மாட்டார்.

இரண்டாவதற்கு, ஏ4 தாளை லேமினேட் செய்து ஆளுக்கொன்று கொடுத்தோம். ஒரு மார்க்கர் பேனா, அழிப்பதற்கு வீட்டிலிருந்து ஒற்றைக் காலுறை. கேள்வியைச் சொல்லி, நேரம் கொடுத்து, "தூக்குங்க" என்றதும் 31 தாளும் மேலே வந்தன. 12 தாளில் 35 இருந்தது.

அவர் அன்றைய பாடத்தை அத்துடன் நிறுத்திவிட்டார். நிறுத்தியது பெரிய விஷயம். நாள் பாடத்திட்டத்தில் எழுதியதை முடித்தே ஆக வேண்டும் என்ற பயம் புதியவர்களுக்கு எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த பாடத்துக்கு ஐஸ்கிரீம் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டி எடுத்து வந்தார். 35 எழுதிய பையனிடம் ஐந்து கட்டும் இரண்டு தனிக் குச்சியும் கொடுத்து, "எனக்கு 27 குச்சி குடு" என்றார். பையன் இரண்டு கட்டை எடுத்துக் கொடுத்தான். அப்புறம் இரண்டு தனிக் குச்சியையும் கொடுத்தான். இன்னும் ஐந்து வேண்டும். கையில் மூன்று கட்டு. கட்டைப் பார்த்தான், சாரைப் பார்த்தான். சார் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய விரல்கள் முதுகுக்குப் பின்னால் எண்ணிக்கொண்டிருந்தன, கடைசி வரிசையிலிருந்த எனக்குத் தெரியவில்லை, அவரே பிறகு சொன்னார். மூன்று தாண்டி ஆறு, ஏழு வரை போயிருக்கும். பையன் கேட்டான், "சார், இத அவுக்கலாமா?"

நான் இத்தனை வருஷத்தில் கேட்ட நல்ல கேள்விகளில் அது ஒன்று. ரப்பர் வளையத்தை அவனே கழற்றினான். மீதியை அவனே எண்ணினான். இருபத்தைந்து. பக்கத்து வீட்டில் கடன் வாங்குகிற பேச்சே அன்று தேவைப்படவில்லை. (அந்தச் சொல்லை நாமெல்லாம் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. கடன் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்; கேட்டும் இருக்கிறார்கள்.)

அதிகாரிகளே, இதில் எதை நீங்கள் இயங்கலை விளக்கக் கூட்டத்தில் கற்றுக்கொடுப்பீர்கள்? கடந்த மாதம் நடந்த அந்தக் கூட்டத்தைப் பற்றி என்னிடம் சொன்ன ஆசிரியைக்கு வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்திருந்தார்களாம், எல்லாருடைய கேமராவும் அணைந்திருந்தது. அவருடைய வகுப்பைப் பார்த்துக்கொள்ள அன்று ஆள் இல்லை. அதனால் பிள்ளைகளுக்குப் பயிற்றித்தாளைக் கொடுத்துவிட்டு, ஆசிரியர் மேசையில் உட்கார்ந்து ஒரு காதில் கூட்டத்தைக் கேட்டிருக்கிறார். பிள்ளைகளின் ஈடுபாட்டைக் கூட்டுவது எப்படி என்பது கூட்டத்தின் தலைப்பு. அன்று இரண்டு மணி நேரம் அந்த வகுப்பில் யாரும் பாடம் நடத்தவில்லை. சான்றிதழ் மட்டும் வந்து சேர்ந்துவிட்டது.

அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "டீச்சர், நல்லா பாடம் நடத்துறவங்க வகுப்புல ஒரு நாள் உக்காந்து பார்க்கணும். யாரைக் கேட்கணும்?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இதற்கு முன்பு கேட்டிருந்தால், உன் வழிகாட்டியைக் கேள், உங்களுக்கென்று நேரம் இருக்கிறது என்று சொல்லியிருப்பேன்.

1990ல் எனக்கு அப்படி ஒருவர் வாய்த்தார். எந்தத் திட்டமும் இல்லை, கோப்பும் இல்லை. முதல் இரண்டு வாரம் என்னைத் தனியாக வகுப்பில் விட வேண்டாம் என்று எங்கள் தலைமையாசிரியர் முடிவெடுத்து, ஒன்றாம் ஆண்டு ஆசிரியையின் வகுப்பில் உட்கார வைத்தார். அந்த அம்மா எதையும் எனக்கு விளக்கவில்லை. நான் பார்த்தேன், அவ்வளவுதான். வகுப்பில் இரைச்சல் கூடினால் அவர் குரல் குறையும். ஒரு வேலையைச் சொல்வதற்கு முன் "கையில இருக்கறத கீழ வைங்க" என்பார். எல்லாரும் வைக்கும்வரை அடுத்த வார்த்தை வராது. ஒரே மூச்சில் மூன்று கட்டளை சொல்ல மாட்டார். புத்தகத்தை எடுக்கச் சொல்வார், எடுத்த பிறகுதான் பக்கம் எண்ணைச் சொல்வார், பக்கம் வந்த பிறகுதான் செய்ய வேண்டியதைச் சொல்வார். வாசிக்கத் திணறும் பிள்ளையை எழுப்பி நிறுத்தமாட்டார், பக்கத்தில் போய்க் குனிந்து அதன் காதோடு சேர்ந்து வாசிப்பார். அந்த இரண்டு வாரத்தில் பார்த்ததை வைத்துத்தான் நான் அதற்குப் பின் முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டினேன்.

இதெல்லாம் கல்வி அமைச்சுக்குத் தெரியாத விஷயமும் இல்லை. புதிய ஆசிரியர் மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று அமைச்சிடமே இருக்கிறது, வழிகாட்டி ஆசிரியர் என்ற ஏற்பாடும் அதில் உள்ளதுதான். ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனித்து, பிறகு உட்கார்ந்து பேசுகிற பாட ஆய்வு முறை ஜப்பானிலிருந்து வந்தது. அதையும் நம் பள்ளிகளில் செய்யச் சொன்னார்கள். செய்தோமா? பெரும்பாலும் படம் எடுத்தோம். நான்கு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு படம், வகுப்பில் நின்று ஒரு படம், அறிக்கை, கோப்பு. நானும் அந்தப் படங்களில் இருக்கிறேன், வருத்தத்தோடுதான் சொல்கிறேன். நேரம் கொடுக்காமல் ஒரு வேலையைச் செய்யச் சொன்னால் கோப்பு மட்டும்தான் மிஞ்சும். அந்த இரண்டு பாடவேளை கால அட்டவணையில் ஏறிய பிறகுதான் முதல்முறையாகப் படம் எடுக்காமல் வேலை நடந்தது. அதைத்தான் நீங்கள் எடுத்துவிட்டீர்கள்.

வகுப்பைப் பார்வையிடத்தான் வருகிறோமே என்று சொல்வீர்கள். உண்மை, வருகிறீர்கள். 2017 முதல் இருக்கிற எஸ்.கே.பி.எம்.ஜி.2 என்ற கல்வித் தர ஆவணத்தில் கற்பித்தலைப் பற்றிய நான்காம் தரத்தை வைத்துப் பார்க்கிறீர்கள். அதில் குறை காண மாட்டேன். ஆசிரியர் திட்டமிடுகிறாரா, வகுப்பைக் கட்டுக்குள் வைக்கிறாரா, வழிகாட்டுகிறாரா, ஊக்கப்படுத்துகிறாரா, மதிப்பிடுகிறாரா, மாணவர் தாமே ஈடுபட்டுக் கற்கிறாரா என்ற ஆறு கோணமும் சரியான கோணங்கள். ஆனால் புள்ளி போட வருகிறவர் முன்னால் எந்தப் புதியவரும் தன் குறையைக் காட்டமாட்டார். அன்றைக்கென்று ஒரு பாடத்தைத் தயார் செய்வார், போன வாரம் நடத்தியதையே மறுபடி நடத்துவார், பதில் தெரிந்த பிள்ளைகளை முன்னால் உட்கார வைப்பார். 35 எழுதுகிற பையன் அன்று தூணுக்குப் பின்னால் இருப்பான். அவனை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள், ஆசிரியரும் பார்க்க மாட்டார். பணி உறுதிப்பாடு கையில் இல்லாதவர், புள்ளிப் பாரத்தோடு உட்கார்ந்திருப்பவரிடம் "எனக்கு வகுப்பை அடக்கத் தெரியவில்லை, உதவுங்கள்" என்று எப்படிச் சொல்வார்? சில பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியரையே புள்ளி போடவும் சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் ஒருமுறை அப்படி நேர்ந்தது. பாரத்தைக் கையில் எடுத்த அன்றிலிருந்து அந்தப் பெண் என்னிடம் மனம் விட்டுப் பேசவில்லை. "எல்லாம் ஓகே டீச்சர்" என்பார். ஓகே இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். 2019ல் ஒன்றாம் ஆண்டு முதல் மூன்றாம் ஆண்டு வரையுள்ள வகுப்புகளுக்குப் பரீட்சையை நீக்கினார்கள். 2021ல் ஆறாம் ஆண்டு இறுதியில் வைக்கும் யூ.பி.எஸ்.ஆர். தேர்வும் நின்றது. நான் அதை வரவேற்றவள். பரீட்சைக்காகவே ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை இரவு வரை பிழிந்த காலம் எனக்குத் தெரியும். ஆனால் இப்போது ஒன்றாம் ஆண்டிலிருந்து மூன்றாம் ஆண்டுவரை ஒரு பிள்ளைக்கு வாசிக்க வருகிறதா, கழிக்க வருகிறதா என்று சொல்ல வகுப்பாசிரியரின் கண் ஒன்றுதான் இருக்கிறது. வகுப்புசார் மதிப்பீட்டில் ஒன்றிலிருந்து ஆறுவரை அடைவுநிலை போடுகிறவர் அவர். தவறு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்கப் பழகாதவர் என்ன போடுவார்? மூன்று அல்லது நான்கு போடுவார். நடுவில் போட்டால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். 35 எழுதிய பையனுக்கும் முதல் மாதத்தில் அடைவுநிலை நான்குதான் பதிவாகியிருந்தது. குச்சிப் பாடத்துக்குப் பிறகு அந்த ஆசிரியர் தாமாகவே எல்லாப் பிள்ளைகளுக்கும் மறுபடி பார்த்துத் திருத்தினார். பெற்றோர் கையில் போகிற அறிக்கை அது. அம்மாக்கள் அதை நம்பித்தான் டியூஷனுக்கு அனுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார்கள்.

சின்னப் பள்ளிகளின் நிலைமை இதைவிட மோசம். 150க்கும் குறைவான மாணவர்கள் உள்ள தமிழ்ப்பள்ளிகள் நம்மிடம் இருக்கின்றன. அங்கே போகிற புதியவருக்கு இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைக்கும் இணைந்த வகுப்புகூடக் கிடைக்கலாம், அனுபவசாலிகளே திணறுகிற வேலை அது. வழிகாட்ட மூத்தவர் இருந்தாலும் அவர் தலையில் ஏற்கெனவே நான்கு பொறுப்பு. எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியைக்கு, வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே நூல்நிலையம், சிற்றுண்டிச்சாலைக் கணக்கு, இரண்டு புறப்பாடச் சங்கம், மாணவர் தரவுப் பதிவு எல்லாம் வந்து சேர்ந்தன. இளையவர், கணினி தெரிந்தவர், மறுக்கமாட்டார் என்பதுதான் காரணம். ஒன்றாம் ஆண்டு வகுப்பும் அவருக்கே. பிள்ளைகள் போன பிறகு வகுப்பறையிலேயே உட்கார்ந்து நான்கு மணிவரை தரவு பதிவார். நாளைய பாடத்தைப் பற்றி யோசிக்க மிச்சமிருப்பது பேருந்தில் போகும் நேரம்தான். இரண்டாம் வருஷம் மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தார். நான் போய்ப் பேசியபோது, "எனக்குப் பாடம் நடத்த வராது போல டீச்சர்" என்றார். அவருடைய வகுப்பில் ஒரு முறைகூட யாரும் உதவிக்கென்று வந்து உட்கார்ந்ததில்லை. பாடம் நடத்த வருமா வராதா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஆள் பற்றாக்குறை பொய் என்று நான் சொல்லவில்லை. காலையில் மூன்று பேர் மருத்துவ விடுப்பு என்று செய்தி வந்தால் துணைத் தலைமையாசிரியர் படும் பாட்டை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் ஒரு மணி நேரம் என்றால் ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 40 மணி நேரம். முதல் ஆண்டில் அதை ஒருவருக்குக் கொடுத்தால், அதற்குப் பிறகு அவர் முப்பது, முப்பத்தைந்து வருஷம் வகுப்பில் நிற்கப் போகிறவர். நிரப்ப வேண்டிய வகுப்புக்கு வேறு வழி தேட முடியும். முதல் ஆண்டில் படிந்த பழக்கத்தைப் பத்தாம் ஆண்டில் மாற்றுவது மிகவும் கடினம். "புரிஞ்சுதா" என்று 17 முறை கேட்டுக்கொண்டே ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் எண்ணிச் சொல்லவில்லை.

அதுவும் பினாங்கில் இது நடக்கக்கூடாது. இந்த நாட்டில் தமிழ்க்கல்வி 1816ல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் ஒரு வகுப்பாகத் தொடங்கியது என்று சொல்லி 2016ல் 200 ஆண்டு விழா எடுத்தோம். மாநிலத்தில் இருப்பவை 28 தமிழ்ப்பள்ளிகள், பெரும்பாலானவை செபராங் பிறையில். ஒரு பள்ளியிலிருந்து பக்கத்துப் பள்ளிக்கு எளிதாகப் போய்விடலாம். இந்த ஆண்டு புதிதாக வந்தவர்கள் எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம், அவ்வளவு பேர்தான். பெரிய மாநிலத்துக்காரர்கள் இது முடியாது என்றால் ஒப்புக்கொள்ளலாம்.

ஆகவே கேட்கிறேன்.

அந்த இரண்டு பாடவேளையை அடுத்த தவணைக்கு முன்பாக மறுபடி கால அட்டவணையில் போடுங்கள். எழுத்தில் போடுங்கள், மாற்று வகுப்புக்கு இந்த நேரத்தைத் தொடக்கூடாது என்ற ஒரு வரியோடு. வரி இல்லையென்றால் முதல் வாரத்திலேயே அது காணாமல் போய்விடும்.

வழிகாட்டியையும் புள்ளி போடுகிறவரையும் பிரித்துவிடுங்கள். வழிகாட்டி வகுப்பில் பார்த்தது அவருக்கும் புதிய ஆசிரியருக்கும் இடையில் இருக்கட்டும். அதற்குப் பாரம் வேண்டாம், கோப்பு வேண்டாம், படமும் வேண்டாம். நடந்ததா என்று தெரிய வேண்டுமானால் தேதியும் நேரமும் குறித்த ஒரு தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும்.

புதியவர் முதல் தவணையில் குறைந்தது ஆறு பாடங்களையாவது மற்ற ஆசிரியர்களின் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க வழி செய்யுங்கள். அதில் இரண்டு வேறு பள்ளியில் இருக்கட்டும். காட்சிக்கென்று தயாரித்த பாடம் வேண்டாம். செவ்வாய்க்கிழமை, மழை பெய்யும்போது, பிள்ளைகள் அடங்காதபோது நடக்கிற சாதாரணப் பாடமே வேண்டும்.

தலைமையாசிரியர்களே, இது உங்களுக்கு. முதல் ஆண்டில் இருப்பவருக்கு வகுப்புக்கு வெளியே ஒரே ஒரு பொறுப்புக்கு மேல் கொடுக்காதீர்கள். ஒன்றாம் ஆண்டு வகுப்பையும் இணைந்த வகுப்பையும் வேலைக்கு வந்த முதல் ஆண்டிலேயே அவர் தலையில் கட்டாதீர்கள். இதற்கு மேலிடத்து உத்தரவு தேவையில்லை, கால அட்டவணை போடும்போது உங்கள் கையிலேயே இருக்கிறது. எழுத்துத் தெரியாமல் வருகிற பிள்ளைக்கு உங்கள் பள்ளியில் யார் கை ராசியானது என்று உங்களுக்குத் தெரியும். அவரை அங்கே போடுங்கள், புதியவரைப் பக்கத்து வகுப்பில் வையுங்கள்.

வழிகாட்டிகளுக்கும் ஒரு பொறுப்பைக் குறையுங்கள். நன்றி மடல் வேண்டாம், நேரம் வேண்டும்.

சின்னப் பள்ளிகளை மூன்று மூன்றாக இணைத்து ஒரு வழிகாட்டியைக் கொடுங்கள். பணியில் ஆள் இல்லையென்றால் ஓய்வு பெற்றவர்களைக் கேளுங்கள். செபராங் பிறையில் மட்டும் என்னோடு படித்து, என்னோடு ஓய்வு பெற்ற ஏழு பேரிடம் பேசிவிட்டேன். ஐந்து பேர் சரி என்றார்கள். சம்பளம் கேட்கவில்லை. பள்ளிக்குள் வர அனுமதிக் கடிதமும், பின்வரிசையில் ஒரு நாற்காலியும் போதும்.

இந்த மடலுக்கு எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். முடியாது என்றால் எதற்காக முடியாது என்று அந்த இளம் ஆசிரியர்களுக்கு விளக்குகிற மாதிரி எழுதுங்கள், அவர்களும் படிப்பார்கள். முடியும் என்றால், முதலில் நூல்நிலையத்தையும் தரவுப் பதிவையும் சுமக்கிற அந்த ஆசிரியையின் பள்ளிக்கு என்னை அனுப்புங்கள். அவருடைய மாற்றல் மனு இன்னும் உங்கள் மேசையில்தான் இருக்கிறது. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
செபராங் பிறை, பினாங்கு